கொஞ்சம் சுகமில்லை

தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டு, இலக்கங்களை அழுத்தாமல் நின்றுகொண்டிருந்தேன். அலுவலக அறையில் வேறு யாரும் இல்லை. சுவர் நாட்காட்டியில் ஒரு நாய்க்குட்டி நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மேசையில் யாரோ பாதி கடித்து வைத்த பிஸ்கட். ஹீட்டரில் காயப்போட்டிருந்த கையுறைகளிலிருந்து ஈரக் கம்பளி வாசம் வந்தது.

“ஜூலிக்கு ஒரு கோல் எடுத்து, அப்பாவின் நிலைமையைச் சொல்லிவிடு” என்று சொல்லிவிட்டு எங்கள் மேலாளர் கேரன் வைத்தியரோடு மாடிக்குப் போயிருந்தார். அந்த அப்பாவின் பெயர் வால்டர். ஒரு காலத்தில் லொறி ஓட்டியவர். இப்போது எங்கள் முதியோர் இல்லத்தின் மாடி அறையில் கண்ணை மூடிக் கிடந்தார். காலையில் அவருடைய உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டவள் நான். மூச்சு வந்து, நின்று, யோசித்து, மறுபடி வந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வைத்தியர் தேவைப்படவில்லை. இன்றைக்கோ நாளைக்கோதான்.

ஜூலி அவருடைய ஒரே மகள். கார் எடுத்தால் அரை நாள் ஓட்டத்தில் இருக்கிறாள். அவளைப் புறப்பட வைக்கவேண்டும். தகப்பன் கண்ணை மூடுவதற்குள் அவள் வந்து சேரவேண்டும். என் வேலை அவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலையை ஆங்கிலத்தில் செய்யவேண்டும்.

ஊரில் நான் ஆங்கிலக்காரி

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும், நான் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் சாய்ந்தமருதுக்காரி. நாட்டில் பெற்றோலுக்கும் கேஸுக்கும் சனம் தெருத்தெருவாக நின்ற அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகு, நானும் கணவரும் பிள்ளைகளும் இங்கிலாந்துக்கு வந்தோம். வந்து விழுந்தது கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கடல் இருக்கிறது, ஆனால் தோணியும் இல்லை, கரைவலையும் இல்லை, மீன் வாசமும் இல்லை. அதைக் கடல் என்று ஒப்புக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச காலம் எடுத்தது.

ஊரில் நான் ஆங்கிலம் தெரிந்தவள். மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொண்டு எங்கள் குறுக்குத்தெருப் பெண்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் விமானம் ஏறினேன். இங்கே வந்த பிறகு கடைப் பலகை, பஸ் பலகை எல்லாவற்றையும் கடகடவென்று வாசித்தேன். மனிதர்கள் வாயைத் திறந்தால்தான் வில்லங்கம்.

என் கணவர் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். கையில் இருக்கும் பத்துப் பதினைந்து சொற்களை வைத்துக்கொண்டு அவர் சண்டையும் பிடிப்பார், சமாதானமும் செய்வார். பிள்ளைகள் வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டார்கள். இப்போது சாப்பாட்டு மேசையில் வைத்து என் உச்சரிப்பைத் திருத்துகிறார்கள். நான்தான் நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒரு வசனத்தை மனதுக்குள் கட்டி, பிழை பார்த்து, வெளியே அனுப்புவதற்குள் கேட்டவர் போய்விடுவார்.

நூல்நிலையத்தில் மாலை வகுப்புக்குப் போனேன். “ஆட்களோடு பழகுங்கள், அவர்கள் எப்படிக் கதைக்கிறார்கள் என்று கவனியுங்கள்” என்றார் ஆசிரியை. கவனித்தேன். கவனிக்கக் கவனிக்கத் தலை சுற்றியது.

“எப்படி இருக்கிறீங்க?” என்று இல்லத்தின் நடைபாதையில் கேட்பார்கள். நான் நின்று, முழங்கால் வலியிலிருந்து ஆரம்பிப்பேன். பார்த்தால் கேட்டவர் மறு முனையில் கதவைத் திறந்துகொண்டிருப்பார். ‘அவ்வளவு மோசமில்லை’ என்றால் மிக நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். ஒருநாள் எங்கள் ஊர் இனிப்பான வட்டிலப்பம் செய்து வேலைக்குக் கொண்டுபோனேன். ஒருத்தி ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “சுவாரசியமாக இருக்கிறதே” என்றாள். சந்தோசப்பட்டு அடுத்த கிழமையும் அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. “ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்று இன்னொருத்தி சொன்னாள். நான் உடுப்பெல்லாம் எடுத்து வைத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன். ஓகோ, இவர்களும் எங்கள் ஆட்கள்தான். எதையும் நேராகச் சொல்லமாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் வருவார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சுற்றி வளைப்பதை யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்த முடிவோடுதான் அன்றைக்கு ஜூலியின் இலக்கத்தை அழுத்தினேன்.

காரைதீவுச் சந்தியில் ஒரு சோடா

கோல் போய்க்கொண்டிருக்கட்டும். அதற்குள் ஒரு பழைய கதை சொல்கிறேன். இது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. எங்கள் பக்கத்து வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை.

அப்போது நான் அக்கரைப்பற்றில் பெரியம்மா வீட்டில் தங்கி உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பகல் நேரம் மாமா வேனோடு வந்து நின்றார். உம்மாவின் கூடப்பிறந்தவர். கடையை விட்டு அசையாத மனிதர்.

“வாப்பாக்கு கொஞ்சம் சொகமில்ல மகள். ஒண்டும் யோசிக்காதீங்க. ஒருக்கா வந்து பாத்துட்டு வருவம்” என்றார்.

பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. என் பையை எடுத்துக் கட்டினார். புத்தகங்களை வைக்கவில்லை. வெள்ளை உடுப்பைத்தான் வைத்தார். வேனில் மாமாவும் ட்ரைவரும் சவளக்கடைப் பக்கத்து வேளாண்மையைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார்கள். இந்தப் போகம் தண்ணீர் காணுமா, வெட்டுக்கு மெசின் கிடைக்குமா, இப்படி. நிந்தவூர் தாண்டியது. காரைதீவுச் சந்தியில் வேனை நிறுத்தி, மாமா எனக்கு ஒரு சோடா வாங்கித் தந்தார்.

மாமா எனக்கு அதற்கு முன் சோடா வாங்கித் தந்ததே இல்லை. போத்தலின் குளிர் கையில் பட்டதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. குடித்தேன். மூக்கில் ஏறியது. வாப்பா இறந்துபோனார், மௌத்தாகிவிட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் கதிரைகள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் மௌத்தை நேராகச் சொல்லும் வாய் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கு மட்டும்தான் உண்டு. மற்றவர்களுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. ‘கொஞ்சம் சொகமில்ல’ என்றால் உடுத்த உடுப்போடு புறப்படவேண்டும். ‘ஆஸ்பத்திரியில வெச்சிரிக்கி’ என்றால் பெரும்பாலும் முடிந்தது. ‘ஒண்டும் யோசிக்காதீங்க’ என்றும் சேர்த்துச் சொன்னால், யோசிக்க இனி ஒன்றும் இல்லை. கட்டாரில் இருப்பவனும் சவூதியில் இருப்பவனும் இதைக் கேட்டுத்தான் டிக்கட் போடுகிறான். ஒருவரும் பிழையாக விளங்கிக்கொண்டதில்லை. சொல்பவர் கேட்பவருடைய நெஞ்சைப் பார்த்துச் சொல்கிறார். கேட்பவர் பாதையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தேற்றிக்கொண்டு வருகிறார். அதில் ஒரு இரக்கம் இருக்கிறது என்று நான் இப்போதும் நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம்

ஜூலி தொலைபேசியை எடுத்தாள். எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது.

நான் என் ஆங்கிலத்தை நேராக்கிக்கொண்டு தொடங்கினேன். தமிழில் எழுதினால் இப்படி வரும்: “அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. நீங்கள் பயப்படவேண்டாம். நேரம் கிடைத்தால் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது.”

எங்கும் தடக்கவில்லை. காலம், எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. மாலை வகுப்பு ஆசிரியை கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார்.

“அப்படியா, சொன்னதற்கு நன்றி” என்றாள் ஜூலி. குரலில் ஒரு கலக்கமும் இல்லை. “மறுபடியும் சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாரா? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லுங்கள்.”

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

தொலைபேசியை வைத்தபோது முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு நீளமாகத் தொலைபேசியில் நான் ஆங்கிலம் கதைத்ததே இல்லை. படியேறும்போதுதான் அந்த ஞாயிறு உறைத்தது. ஞாயிறா? தகப்பன் மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிறார், மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். என்ன கல் நெஞ்சு இது என்று அவள் மேல் கோபம் வந்தது. வெள்ளைக்காரர்களைப் பற்றி ஊரில் சொல்லும் எல்லாக் கதைகளும் உண்மைதான் என்று நினைத்தேன்.

மாடியிலிருந்து இறங்கி வந்த கேரனிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“நீ அவளிடம் என்ன சொன்னாய்? அப்படியே சொல்லு.”

அப்படியே சொன்னேன். கேரன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“அவளுக்கு விளங்கவில்லை” என்றார்.

“நான் சொன்னேனே, வரச்சொல்லி.”

“நேரம் கிடைத்தால் என்று சொல்லியிருக்கிறாய். திரும்ப எடு. அப்பா இறந்துகொண்டிருக்கிறார், இப்போதே புறப்படுங்கள் என்று சொல். அந்தச் சொல்லையே சொல்.”

“நீங்கள் சொல்லுங்களேன்” என்றேன்.

மாடியிலிருந்து வைத்தியர் கேரனைக் கூப்பிட்டார். “உன்னால் முடியும்” என்று சொல்லிவிட்டு அவர் ஏறிப் போய்விட்டார்.

அந்தச் சொல்

அந்த ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியாததா? சின்ன வகுப்பிலேயே படித்த சொல். எழுத்துக்கூட்டச் சொன்னால் தூக்கத்திலும் கூட்டுவேன். ஆனால் ஒரு மகளைப் பிடித்து வைத்து, உன் தகப்பன் சாகப்போகிறார் என்று முகத்துக்கு நேரே சொல்வதை நான் எந்தப் பாசையிலும் செய்ததில்லை. தமிழில்கூட என் வாயில் வராத வசனத்தை ஆங்கிலத்தில் எங்கே போய் எடுப்பது?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் வேலையைத் தூக்கி என்னிடம் தந்துவிட்டார்கள் என்று பட்டது. ஒலிபெருக்கிக்காவது கண் இல்லை, காது இல்லை.

இவர்களும் சுற்றி வளைக்கிறவர்கள்தானே, பிறகு ஏன் விளங்கவில்லை? நல்லதை மோசமில்லை என்பவர்கள், பிடிக்காததைச் சுவாரசியம் என்பவர்கள், சாவை மட்டும் ஏன் இப்படி நேராகக் கேட்கிறார்கள்? நாங்கள் வட்டிலப்பம் சரியில்லை என்றால் சீனி கூடிப்போயிட்டு என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவோம். சாவைத்தான் சுற்றி வளைப்போம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை, அதை ஒளிக்க என்ன இருக்கிறது.

வால்டரின் மூச்சுத்தான் என்னைத் திரும்ப அழுத்த வைத்தது. ஞாயிறு வரைக்கும் அது காத்திருக்காது.

குழாய்ச் சத்தம் இன்னும் கேட்டது. “ஜூலி” என்றேன். “நான் முதல் சொன்னது சரியில்லை. உங்கள் அப்பா இறந்துகொண்டிருக்கிறார். இப்போதே வாருங்கள்.”

குழாய் நின்றது.

அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். “சொன்னதற்கு நன்றி. புறப்படுகிறேன்” என்றாள். அதே நன்றிதான், முதல் கோலிலும் சொன்னாள். ஆனால் இந்த முறை அவள் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. நெஞ்சில் குத்தியதற்கு ஒருத்தி எனக்கு நன்றி சொல்கிறாள். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அந்தப் பாதி பிஸ்கட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அன்றிரவே வந்துவிட்டாள். தலையை வாரக்கூட இல்லை. தகப்பனின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒருதரம் கண்ணைத் திறந்தார். ஆளை அறிந்தாரோ தெரியாது, அவளுடைய விரலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பகல் போனார்.

போகும்போது ஜூலி என்னிடம் வந்தாள். “நீங்கள் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வந்திருப்பேன்” என்றாள். என் வாப்பாவின் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது வாசல் கதிரைகள்தான்.

நேராகக் கதையுங்கள்

அதற்குப் பிறகு ஊரில் எல்லோருக்கும் ஒரு சட்டம் போட்டேன். தம்பி நவ்சாத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன். உம்மா அவனோடும் அவன் குடும்பத்தோடும்தான் இருக்கிறார்.

“இனி என்னோட சுத்தி வளச்சுக் கதைக்காத. எதெண்டாலும் நேரச் செல்லு.”

“சரி ராத்தா” என்றான். பின்னால் அவன் மனைவி, “லண்டன் போயி ராத்தாட கதையே மாறிட்டு” என்று சொன்னது கேட்டது. நான் இருப்பது லண்டனே இல்லை. அதைச் சொல்லி அலுத்துவிட்டது.

என் ஆங்கிலமும் வளர்ந்தது. இப்போது குடும்பங்களுக்குக் கோல் எடுப்பதென்றால் கேரன் என்னைத்தான் கூப்பிடுவார். நேராகச் சொல்வேன்.

போன கிழமை மதியச் சாப்பாட்டு நேரம், இல்லத்தின் பின்பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். நவ்சாத் எடுத்தான்.

“ராத்தா, உம்மாக்கு கொஞ்சம் சொகமில்ல. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போனா நல்லம்.”

கையில் இருந்த பாண் துண்டு அப்படியே நின்றது. எந்தக் காதால் இதைக் கேட்பது? நான்தானே நேராகச் சொல் என்றேன். சொன்னபடி அவன் நேராகச் சொல்கிறானென்றால் இது வெறும் தடிமன் காய்ச்சல். பழையபடி சொல்கிறானென்றால் உம்மா இல்லை. ஒரே வசனம். சட்டம் போட்டு நானே என் அளவுகோலை முறித்து வைத்திருக்கிறேன்.

“நவ்சாத், உம்மா இரிக்காவா? மௌத்தா?”

“அல்லாவே, என்ன ராத்தா இப்படிக் கேக்கிறீங்க” என்றான். ஏதோ தட்டுப்பட்டு உருண்ட சத்தம். அடுத்துக் கேட்டது உம்மாவின் குரல்.

“ஆருகா மௌத்து? காச்சலும் இருமலும்தான். இப்ப இடியப்பம் திண்டுட்டு இரிக்கன்.”

அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன். உள்ளே ஜன்னலோரம் இருந்த ஒரு பாட்டி எனக்குக் கை காட்டினார்.

“அப்ப நான் வரட்டா உம்மா?”

“எனக்கென்ன கொற? நீ வரத் தேவல்ல மகள். உன்ட வேலயப் பாரு.”

ஆங்கிலமாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்தது. வரவேண்டாம் என்றால் வரவேண்டாம். ஆனால் இது உம்மா. ‘தேவல்ல’ என்று சொல்லிச் சொல்லியே என் பெருநாள் உடுப்புகளையெல்லாம் வாப்பாவிடம் வாங்கித் தந்த உம்மா. எனக்கு மறுபடியும் எல்லாம் குழம்பியது. ஜூலிக்குச் சொன்ன வாயாலே கேட்டுவிட்டேன்.

“உம்மா, சுத்தி வளைக்காம ஒரு சொல்லு செல்லுங்க. நான் வாறதா, வேணாமா?”

இருமல் வந்தது. இருமி முடித்தார். தூரத்தில் எங்கள் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. அது முடியும்வரை உம்மா பேசவில்லை. பிறகு சொன்னார்.

“வா.”

அவ்வளவுதான். மகள் என்றோ, ஏலுமெண்டா என்றோ, இன்ஷா அல்லாஹ் என்றோ ஒன்றும் சேர்க்கவில்லை. என் வயதுக்கு உம்மா என்னிடம் ஒன்றை இப்படிக் கேட்டதில்லை. தொலைபேசியை வைத்தார்.

நேரே கேரனிடம் போய் லீவு கேட்டேன். கேரன் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

“அம்மாவுக்குக் கடுமையா?”

“காய்ச்சல் என்கிறார்கள்.”

“பிறகு ஏன் இப்படி அழுகிறாய்?”

என்னிடம் இப்போது நல்ல ஆங்கிலம் இருக்கிறது. இருந்ததையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: “அவர் ‘வா’ என்று நேராகச் சொல்லிவிட்டார்.”

கேரன் தலையாட்டினார். லீவைத் தந்தார். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.